கடைத்தெருவை அளக்கப் போனோம்

யாரும் போகாத சிற்றூர்களுக்குப் போய், அங்கே இருக்கும் பழைய கடைத்தெருவை ஒரு நடை நடந்து பார்த்துவிட்டுத் திரும்புவது என் வழக்கம். என் மனைவி இதை ஒரு வியாதியாகவே கருதுகிறாள். டாக்டரிடம் போனால் சர்க்கரை, ரத்த அழுத்தம் என்று சொல்லிக்கொண்டே வந்து கடைசியில் இதையும் சேர்த்துச் சொல்வாள். டாக்டரும் தலையை ஆட்டிக் குறித்துக்கொள்வார்.

ஊட்டிக்குப் போகிறவர்கள் இருக்கிறார்கள், ராமேஸ்வரம் போகிறவர்கள் இருக்கிறார்கள். நான் செவ்வாப்பேட்டையில் மின்சார ரயில் ஏறித் திருவள்ளூர் பஜாருக்குப் போவேன். அது அலுத்தால் திருவாலங்காடு. துணிச்சல் வந்தால் ஊத்துக்கோட்டை. கொசஸ்தலையாறும் ஆரணியாறும் ஓடும் பள்ளத்தாக்கு இது. பள்ளத்தாக்கு என்றவுடன் மலையும் மேகமும் நினைவுக்கு வரக்கூடாது. எங்களிடம் இருப்பது மணல் அள்ளிய பள்ளம், தாக்குவது லாரி.

இந்த ஊர்களின் கடைத்தெருக்களை நிமிர்ந்துதான் பார்க்க வேண்டும். கீழே செல்போன் ரீசார்ஜ், பிராய்லர் கோழி, நகை அடகு. மேலே சுண்ணாம்பில் செய்த கிளி, மூக்கு உடைந்த சிங்கம், நிறக் கண்ணாடி பதித்த ஜன்னல். நிமிர்ந்தபடியே நடந்து பலமுறை சாக்கடையில் கால் விட்டிருக்கிறேன். எந்த ஊர்ச் சாக்கடை எவ்வளவு ஆழம் என்று கேட்டால் சொல்வேன். அந்த ஊரை ஆண்டது யார் என்று கேட்டால் கொஞ்சம் யோசிப்பேன்.

இதையெல்லாம் ஒரு சிறுபத்திரிகையில் எழுதி வந்தேன். அச்சுக் கோத்தவரையும் பிழை திருத்தியவரையும் தவிர வேறு எவரும் படித்ததற்கு ஆதாரம் இல்லை. பிழைகளைப் பார்த்தால் பின்னவர் மேலும் சந்தேகம் வரும். அப்படியிருக்க ஒருநாள் போன் வந்தது. "சார், நான் உங்க வாசகன்" என்று ஒருவர் கத்தினார். ரயிலில் எதிரே இருந்த பெண்மணி திடுக்கிட்டு என்னைப் பார்த்தார். எனக்கு வாசகர் இருப்பது எனக்கே அதிர்ச்சி என்பதை அவருக்கு எப்படி விளக்குவது?

கத்தியவர் கும்மிடிப்பூண்டியில் ஓர் இரும்பு ஆலையில் கம்பி உருட்டும் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஆலை அவருக்குச் சம்பளம் கொடுத்தது, பதிலுக்குக் காதுகளை எடுத்துக்கொண்டது. தன் குரல் தனக்கே கேட்க வேண்டும் என்பதற்காக எப்போதும் உரக்கத்தான் பேசுவார். கல்யாணம் ஆகாதவர். கும்மிடிப்பூண்டிக்கு மேற்கே, ஆரணியாற்றங்கரையில் ஓர் ஊரில், அண்ணன் கடையின் மாடி அறையில் இருந்தார். ஊர்ப் பெயரைச் சொல்ல மாட்டேன். சொன்னால் நீங்களும் பார்க்கக் கிளம்பிவிடுவீர்கள். நாங்கள் பார்த்ததே அந்த ஊருக்கு ஏழு ஜென்மத்துக்குப் போதும்.

போனேன். உண்மையில் அழகான கடைத்தெரு அது. இருபுறமும் பழைய கட்டடங்கள், ஒன்றின் தோளில் ஒன்று சாய்ந்தபடி. எல்லாவற்றிலும் உயர்ந்தது அண்ணனின் உரக்கடை. முன்புறம் பர்மா தேக்கில் நான்கு தூண்கள். தூண்கள் தாங்கும் மரத் தளம். தளத்தின் மேல் கைப்பிடியோடு ஒரு முகப்பு அறை. என் வாசகர் அங்கேதான் படுத்து எழுந்தார். தெருவில் இன்று எத்தனையோ மாடிகள் எழும்பிவிட்டன, ஆனாலும் ஊரார் அதை மட்டும்தான் மாடிக்கடை என்பார்கள்.

அண்ணன் கல்லாவில் இருந்தார். யூரியா மூட்டைகளுக்கு நடுவே இன்னொரு மூட்டையாக.

"இவருதான் எய்துறவரா?" என்று தம்பியைக் கேட்டார். தம்பிக்குக் கேட்கவில்லை. நானே ஆமாம் என்றேன்.

"இன்னா எய்துவீங்க?"

"பழைய கட்டடங்களைப் பத்தி."

"எங்க ஊட்லயே பழசு ஒன்னு கீது. ரிடையர் ஆயிடுச்சி, ரெண்டு பக்கம் காதும் ஊந்துடுச்சி. எய்திக்கினு போங்க" என்று தம்பியைக் காட்டினார். தம்பி, தன்னை அறிமுகப்படுத்துகிறார்கள் என்று நினைத்து எனக்கு மறுபடியும் கும்பிடு போட்டார். காதுக்கு மிஷின் உண்டு. போட்டுக்கொள்ள மாட்டார். "போட்டா எல்லாம் கேக்குது சார், அதான் பேஜாரு" என்று பின்னால் சொன்னார்.

விஷயம் இதுதான். அண்ணன் முகப்பை இடித்துக் கண்ணாடி போட்டு, செல்போன் கடைக்கு வாடகைக்கு விடப் பார்த்தார். முகப்பு போனால் மாடி அறையும் போகும். தம்பிக்கு ஏதோ ஒரு தொழிற்சாலை வாசலில் செக்யூரிட்டி வேலைக்குச் சொல்லி வைத்திருந்தார். அங்கே படுக்க இடம் தருவார்களாம். தம்பிக்குப் பிறந்து வளர்ந்த அந்த அறையை விட மனமில்லை. அதைவிட, அந்தத் தூண்களை விட மனமில்லை.

"இந்த நாலு தூணால எனக்கு இன்னா புண்ணியம்?" என்றார் அண்ணன், நான்தான் நீதிபதி என்பதுபோல. "காக்கா கூடு கட்டுது. அது மேல பாசம் இவனுக்கு. நான் ஒன்னு சொல்லிட்டேன். வெளியூர்க்காரன் எவனாவது இத்தப் பாக்கணும்னே பஸ்ஸேறி வந்தான்னா, நான் இருக்கற வரிக்கும் கை வெக்க மாட்டேன். எவன் வருவான்?"

"சார் வந்துக்கீறாரே" என்று தம்பி கத்தினார். எப்படியோ இதை மட்டும் வாயசைவில் பிடித்துவிட்டார்.

அண்ணன் என்னை மேலும் கீழும் பார்த்தார். "இவருக்கு வேற வேலை இல்ல, வந்துட்டாரு. இவர கணக்குல சேக்காத."

அவர் சொன்னதில் பிழை எதுவும் எனக்குத் தட்டுப்படவில்லை.

ஆக, கணக்கில் சேரும் மனிதர்களைப் பிடிக்க வேண்டியிருந்தது. எனக்குத் தெரிந்த இடத்திலெல்லாம் சொன்னேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் நாலைந்து பேர் சேர்ந்தார்கள். அதில் முக்கியமானவர், சென்னையில் வீடுகளுக்கு வரைபடம் போடும் ஒரு பெண்மணி. மற்றவர்கள் ஆற்றங்கரை ஊர்களில் நாஷ்டா நன்றாக இருக்கும் என்று நான் கொடுத்த வாக்குறுதியை நம்பி வந்தவர்கள்.

என் வாசகர் இஸ்திரி போட்ட சட்டையில் பஸ் நிறுத்தத்திலேயே நின்றிருந்தார். தெருமுனையிலிருந்து தொடங்கினார். எந்தச் சாந்தில் கடுக்காய் சேர்த்தார்கள், எந்தக் கண்ணாடி எந்தக் கப்பலில் வந்தது என்று ஒவ்வொரு கட்டடமாகக் கத்திக்கொண்டே போனார். பாதி அவர் பாட்டனார் சொன்னது, பாதி அவராகவே கட்டியது என்று எனக்குத் தோன்றியது. கட்டியதில்தான் அழகு அதிகம். தெருவே கடையை விட்டு வெளியே வந்து வேடிக்கை பார்த்தது.

"இன்னா நைனா, தாஜ்மகால் காட்டிக்கினு கீறியா?"

"மேல பாத்துக்கினே போங்க, கீழ அவுரு இன்னும் கல்யாணத்துக்குப் பொண்ணு தேடிக்கினு கீறாரு."

"வந்தவங்கள்ல ஒன்னு தேறுமா நைனா?"

மிஷின் சட்டைப் பையில் இருந்தது. அவர் எல்லாரையும் பார்த்துச் சிரித்து, ஒவ்வொருவருக்கும் கை தூக்கினார். ஊரே தன்னை வாழ்த்துகிறது என்ற முகத்தோடு நடந்தார். எங்கள் இருவரில் காது கேட்கிறவன் நான். தலை கவிழ்ந்து நடந்தது நான்தான்.

மாடிக்கடைக்கு வந்ததும் அந்தப் பெண்மணி அசந்து நின்றுவிட்டார். இதை இப்படியே விடக்கூடாது, தெரு முழுவதையும் வரைபடமாக்க வேண்டும் என்றார். பையிலிருந்து அளவுநாடா வந்தது. ஒரு முனையை என் வாசகர் பிடித்துக்கொண்டார். வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு பெண் அவரிடம் ஒன்றைப் பிடிக்கச் சொல்கிறார். உயிரே போனாலும் விட மாட்டார் போலிருந்தது. "ரோட்டுலருந்து உள்ள, பத்தடி நாலு அங்குலம்" என்று அடிவயிற்றிலிருந்து கத்தினார். ஆற்றின் அக்கரையில் கேட்டிருக்கும். பெண்மணி அந்தந்தக் கடையின் சுவரில், மட்டம் தவறாமல் இருக்க, சிவப்பு மெழுகுப் பென்சிலால் சின்னதாக ஒரு கோடு கிழித்தார். இந்தப் பக்கம் எல்லாக் கடைகளிலும் கிழித்தார். எதிர்வரிசையிலும் கிழித்தார். மாடிக்கடையில் மட்டும் கிழிக்கவில்லை. "தேக்குல கோடு போட மனசு வரலை" என்றார்.

எங்கள் மாவட்டத்துக்காரர் யாராக இருந்தாலும் இந்த இடத்தில் நெஞ்சில் கை வைத்திருப்பார். நானும் இந்த மாவட்டத்துக்காரன்தான். நான் அப்போது மேலே இருந்த சுண்ணாம்புக் கிளியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

நெடுஞ்சாலையை எங்கள் ஊர்களுக்குள் அகலமாக்கிக்கொண்டு போன காலத்தில் ஜனங்கள் கற்றுக்கொண்ட பாடம் ஒன்று உண்டு. ஆட்கள் நாடாவோடு வருவார்கள். சிவப்பில் குறி போடுவார்கள். பிறகு ஒருநாள் மண்வாரி இயந்திரம் வரும். அது வந்தால் சுவரோடு ஷட்டரும் போகும், கதவும் போகும், செங்கல்லும் போகும். முந்திக்கொண்டு நாமே இடித்தால் ஷட்டரும் மரமும் நமக்கே மிஞ்சும். ஆகவே இங்கே சுவரில் சிவப்புக் கோட்டைக் கண்டவன் வக்கீலைத் தேடி ஓட மாட்டான். கொத்தனாரைத் தேடி ஓடுவான்.

எதிரே பாத்திரக் கடைக்காரர், அவர்தான் கடைத்தெரு சங்கத் தலைவர், மெதுவாக என் பக்கம் வந்தார். "எத்தினி அடி சார் எடுக்கறாங்க?"

"எடுக்கலைங்க. சும்மா பாக்க வந்திருக்கோம்."

"சும்மாப் பாக்கத்தான் எல்லாரும் வர்றது" என்று சொல்லிவிட்டுச் சிரித்தார். "சொல்லக் கூடாதுன்னு ஆர்டரு போல. சரி சார், நாங்க பாத்துக்கறோம்."

அன்று மதியம் அண்ணன் எங்களுக்குக் கோலி சோடா வாங்கிக் கொடுத்தார். தம்பியின் தோளைத் தட்டி, "வந்துட்டானுங்கடா, நாஷ்டா துன்ற கூட்டமா இருந்தாலும் வந்துட்டானுங்க. போவுது, நீயே வெச்சிக்கோ. நான் கை வெக்கல" என்றார். சொன்ன சொல்லை அவர் காப்பாற்றுவார் என்று எனக்குத் தோன்றியது. இன்றும் அப்படித்தான் தோன்றுகிறது. தம்பி அழுதார். அழும்போதும் சத்தம் அதிகம்தான்.

அந்த வாரமே போன் வந்தது. இந்த முறை அவர் கத்தவில்லை. அதனால்தான் பயந்து போய் உடனே கிளம்பினேன்.

தெருமுனையிலேயே சுண்ணாம்புப் புழுதி. கடைத்தெரு முழுவதும் கடப்பாரைச் சத்தம். ஒவ்வொரு கடைக்காரரும் தன் கடையின் முன்பக்கத்தைத் தானே பிரித்துக்கொண்டிருந்தார். எடுத்த ஷட்டர்கள் சுவரோரம் வரிசையாகச் சாய்த்து வைக்கப்பட்டிருந்தன. செங்கல்லை அடுக்கிப் பெயர் எழுதியிருந்தார்கள். நிறக் கண்ணாடி ஜன்னல் ஒன்றைச் சட்டத்தோடு பெயர்த்து, கோழிக் கூண்டின் மேல் மூடியிருந்தார்கள். யாரிடமும் துக்கம் இல்லை. அரசாங்கத்தை ஏமாற்றிவிட்ட உற்சாகம்தான் இருந்தது. எங்கள் கிளி தலைகீழாகக் குப்பையில் கிடந்தது.

என் வாசகர் கடைகடையாக ஓடிக்கொண்டிருந்தார். "ரோடு எதுவும் வர்ல. அவங்க படம் வரைய வந்தவங்க. இடிக்காதீங்க."

"உனக்குத்தான் காது கேக்காதே, உன்கிட்ட எவன் சொல்வான்?" என்றார் பாத்திரக் கடைக்காரர். அது காதில் விழவில்லை என்று தெரிந்ததும் என்னிடம் திரும்பினார். "நாடா புடிச்சவனே இவன்தான் சார். எல்லார் செவுத்துலயும் கோடு கீது, இவன் அண்ணன் செவுத்துல மட்டும் இல்ல. எவ்ளோ டப்பு குடுத்து நிறுத்துனாங்க?"

"படம் வரையத்தான்..."

"செவப்பு பென்சில்லயா சார் படம் வரைவாங்க?"

நியாயமான கேள்வி.

அடுத்த வாரத்துக்குள் தெரு முழுக்கப் பத்தடி பின்வாங்கிவிட்டது. சாலை விரிவாக்கம் எதுவும் வரவில்லை. தாலுகா ஆபீசில் விசாரித்தவர்களுக்கு அப்படி ஒரு திட்டமே கிடையாது என்று பதில் கிடைத்தது. சாதாரண மனிதர்கள் இந்த இடத்தில் தங்கள் முட்டாள்தனத்தை நொந்துகொள்வார்கள். கடைத்தெருவுக்கு அது கட்டுப்படியாகாது. இடித்தாகிவிட்டது; இனிக் குற்றவாளி வேண்டும். தெரு இப்போது நேர்க்கோடாக இருந்தது. அதில் ஒரே ஒரு கட்டடம் மட்டும் நான்கு கால்களை நீட்டிக்கொண்டு முன்னால் நின்றது.

சங்கம் கூடியது. நானும் போயிருந்தேன், எதற்கு என்று கேட்காதீர்கள். ஊரை அழிக்க உதவியவன் இழவுக்காவது வர வேண்டும் என்ற நாகரிகமாக இருக்கலாம்.

"எங்க மூக்கெல்லாம் அறுந்து கெடக்கு, உன் மூக்கு மட்டும் நீட்டிக்கினு கீது" என்றார் பாத்திரக் கடைக்காரர்.

"உங்கள எவன் அறுத்துக்கச் சொன்னது?" என்றார் அண்ணன்.

"உன் தம்பிதான். தெருவெல்லாம் கேக்கற மாதிரி அளவு சொன்னானே."

"அவன் ஒரு பைத்தியம். அவன் பேச்சக் கேட்டு இடிச்சீங்கன்னா நீங்க யாரு?"

"பைத்தியத்த வெச்சி நீ பண்ண வேலை இது நைனா. அதான் எங்களுக்குக் கோவம். சங்கத்துக்காரன் ஒருத்தனும் இனிமே உன் படி ஏற மாட்டான். லோடு எறக்கற ஆளும் வர மாட்டான். நீயும் பத்தடி எடுத்துடு. எல்லாரும் ஒன்னுமண்ணாப் போயிடலாம்."

அண்ணன் தம்பியைப் பார்த்தார். தம்பி அன்று மிஷினைக் காதில் மாட்டியிருந்தார். எல்லாமே கேட்டிருக்கும். எழுந்து ஏதோ சொல்லப் போனார். "நீ பேசாத. உனக்கு வோணும்னு உட்டேன். ஊரே என்னைத் திருடன்னுது" என்றார் அண்ணன். இரக்கமில்லாமல் சொல்லவில்லை. அலுத்துப்போய்ச் சொன்னார், அது அதைவிட மோசமாக இருந்தது.

அண்ணன் முகப்பை எடுக்க ஒப்புக்கொண்டார். தூண்களை விற்கும் வேலையும் தம்பி கைக்கே வந்தது. வரைபடப் பெண்மணிக்குச் சேதி எப்படியோ எட்டி, எனக்குப் போன் செய்து மிகவும் வருத்தப்பட்டார். கண்ணீர் வந்துவிட்டது என்றார். அதே மூச்சில், தூண்களை என்ன செய்யப் போகிறார்கள் என்று கேட்டார். கட்டிக்கொண்டிருக்கும் தன் வீட்டுக்கு அவை சரியாக இருக்கும் என்றார். அண்ணனிடம் சொன்னேன். "போனத் தம்பிகிட்ட குடுங்க. அவன்தான் இத்தப் பத்தி நல்லாச் சொல்வான்" என்றார்.

சொன்னார். போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, பர்மாவிலிருந்து மரம் வந்த கதையையும், ஒரே மரத்தில் நான்கும் கடைந்ததையும், கறையான் இன்றுவரை கிட்டே வராததையும், ஒரு வரி விடாமல் கத்திச் சொன்னார். வாங்குகிறவரை மயக்கும்படி இருந்தது. கல்லாவில் இருந்த அண்ணன் என்னைப் பார்த்து, "பாத்தீங்களா, ஒரு வேலைக்கும் ஆவ மாட்டான்னு நெனச்சேன்" என்றார். பெருமையாகத்தான் சொன்னார்.

தூண்களை இறக்கிய நாளில் தம்பியின் தகரப் பெட்டியும் படுக்கையும் உரமூட்டைகளின் மேல் வைக்கப்பட்டிருந்தன. மறுநாள் காலையில் அவர் தொழிற்சாலை வாசலில் சேர வேண்டும். காது கேட்காத காவலாளியை எப்படிச் சேர்த்துக்கொண்டார்கள் என்று கேட்டேன். "இரும்பத் தூக்கிக்கினு போறவன் சத்தம் போட்டுக்கினா போவான்?" என்றார் அண்ணன். தெருவைப் பார்த்தேன். இருபுறமும் பத்தடி அகலம் கூடிய சந்தோஷத்தில், இதுவரை புறவழிச்சாலையில் போன மணல் லாரி ஒன்று குறுக்கு வழி கண்டுபிடித்து உள்ளே வந்துகொண்டிருந்தது. பாத்திரக் கடைக்காரர் வெளியே பரப்பியிருந்த குடங்களை அவசரமாக உள்ளே இழுத்தார்.

நான்கு தூண்களையும் மினி லாரியில் ஏற்றிக் கயிறு போட்டார்கள். கிளம்பும் நேரத்தில் என் வாசகர் என்னிடம் வந்தார்.

"சார், அந்தம்மா ஊடு எப்பிடி? தூணை ரோட்டப் பாத்து நிறுத்துவாங்களா? போறவன் வர்றவன் கண்ணுல படுமா?"

அந்தப் பெண்மணி எனக்கு எல்லாம் விவரமாகச் சொல்லியிருந்தார். கடற்கரைச் சாலையில், வாசலில் அடையாள அட்டை கேட்கும் ஒரு வளாகம். அதற்குள் வீடு. வீட்டின் பின்பக்கம், நீச்சல் குளத்தைப் பார்த்தபடி தூண்கள்.

"படும்" என்றேன்.

"ஆங்?"

"படும்."

கையைக் காதருகே குவித்துக்கொண்டு இன்னும் கிட்டே வந்தார். பொய்யைத் தாழ்ந்த குரலில் சொல்லும் வசதி எனக்குக் கிடைக்கவில்லை. "ரோட்டுலருந்து பாத்தா நல்லாத் தெரியும்" என்று கடைத்தெரு முழுவதும் கேட்கும்படி கத்தினேன்.

"அப்ப நீயும் கூடவே போயி அங்க நின்னு காட்டு நைனா, வர்றவன் போறவன் காசு போடுவான்" என்றது எதிர்வரிசை. சிரிப்பு இருபுறமும் ஓடியது. இப்போது தெரு அகலமாகிவிட்டதால் நன்றாகவே எதிரொலித்தது.

அவர் எனக்கு மட்டும் தலையசைத்தார். பிறகு லாரியின் பின்னால் போய், கட்டியிருந்த கயிற்றை அவிழ்த்து, தன் பழைய படுக்கை விரிப்பைத் தூண்களுக்கு நடுவில் திணித்து, மறுபடியும் இழுத்து இறுக்கிக் கட்டத் தொடங்கினார். "வழில ஒன்னோட ஒன்னு இடிச்சிக்கப் போவுது சார்" என்றார்.